எந்தத் துமுக்கிக்குச் சட்டம்?

30.12.2021 அன்று காலை, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், வீட்டிலிருந்த பதினோரகவைச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. அவ்வூரில் அன்று கலகமில்லை, கொள்ளையில்லை, வேட்டையாட வந்தவரும் எவருமில்லர். அண்மையிலுள்ள பசுமலைப்பட்டிச் சுடுகளத்தில் நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் சுடும் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அங்கிருந்து விலகி வந்த குண்டு அது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை செய்து குண்டை எடுத்தனர், ஆயினும் 3.1.2022 அன்று அச் சிறுவன் இறந்தான். மாநில அரசு இழப்பீட்டுத் தொகை அறிவித்தது. சுடுகளம் மூடப்பட்டது. நாளிதழ்கள் நான்கு நாள் எழுதி ஓய்ந்தன.

அதே நார்த்தாமலையில் உழவர் ஒருவர், தம் கடலைக் கொல்லையைப் பன்றியினின்று காக்க, பழைய நாட்டுத் துமுக்கி (துப்பாக்கி) ஒன்றை உரிமமின்றி வைத்திருந்தார் என்று கொள்வோம். அஃது ஒருமுறையும் சுடாமல் பரண்மேல் துருப்பிடித்துக் கிடந்தாலும் அவர் குற்றவாளியே. இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டுவரை சிறையும் தண்டத்தொகையும் அவருக்கு உண்டு. கிடந்த துமுக்கிக்கு ஐந்தாண்டு. ஊருக்குள் குண்டு வந்து விழும்படி அமைந்த சுடுகளத்திற்கோ, அதனை முன்கூட்டியே தடுக்கப் படைக்கலச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இறந்தபின் வழக்குப் பதிவதற்குச் சட்டம் உண்டு. இறவாமற் காப்பதற்கன்றோ சட்டம் வேண்டும்! இதனைத்தான் இத் திங்கள் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது.

(துமுக்கி என்று நாம் எழுதுவதைக் கண்டு இளநகை செய்வோர்க்கு ஒன்று சொல்வோம். துப்பாக்கி துருக்கியர் வழி வந்த சொல். கருவி அயலது எனினும் சொல் நமதாக இருக்கட்டும்.)

இந் நாட்டில் குடிகளின் கையினின்று படைக்கலத்தைப் பறிக்கும் சட்டம் தமிழ்மண்ணில் முளைத்த வகையை முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும். 1799 இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 24.10.1801 அன்று மருது உடன்பிறப்பினர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் ஆறு கிழமையும் ஆகவில்லை, 1801 திசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு பறையறைவித்த ஆணை, தென்பாளையங்களில் படைக்கலம் ஏந்துதலைத் தடைசெய்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களின் பாதுகாப்பிற்காகவா அது? அன்று, கும்பணியின் பாதுகாப்பிற்காக. 1878 இல் இலிட்டன் கொண்டுவந்த இந்தியப் படைக்கலச் சட்டம் அதே கருத்தை இந்தியா முழுமைக்கும் விரித்தது. இந்தியன் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. படைக்கலத்தால் வரும் ஏதத்தைத் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கமாயின், வெள்ளையன் கைக் குண்டுக்கு ஏதம் செய்யும் இயல்பு இல்லையென்று அவர்கள் கண்டறிந்தனர் போலும்!

வெள்ளையன் போனான். 1948 திசம்பரில் அரசியலமைப்பு அவையில், படைக்கலம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று காமத்து என்னும் உறுப்பினர் திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அவர் ஏற்காதது முற்றிலும் சரியே. அமெரிக்க ஒன்றிய நாடுகளில் அவ்வுரிமையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்துவிட்டு, பள்ளிப்பிள்ளைகள் வகுப்பறைக்குள் சுடப்பட்டுச் சாகும்போதும் போதிய கட்டுப்பாட்டைப் போடவியலாமல் அவர்கள் படும்பாட்டை இன்று உலகமே காண்கின்றது. இங்கு அந் நிலை இல்லை. படையின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே நம் அரசியலமைப்பின் 19 ஆம் பிரிவு தருகின்றது. படைக்கலம் ஏந்துவது இங்கு அடிப்படை உரிமையன்று என்பதை உச்ச முறைமன்றமும் 2023 இல் மீண்டும் எடுத்துரைத்தது. குடிகள் எல்லாரும் துமுக்கி தூக்க வேண்டும் என்பது நம் கொள்கையன்று. இதனைத் தெளிவாகவே சொல்லிவிடுகின்றோம். பின்னர் நம் எழுத்தைத் திரிப்பார்க்கு இடமிராது.

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் (1.10.1962 முதல் நடைமுறைக்கு வந்தது) வெள்ளையன் சட்டத்தின் பிள்ளையே எனினும், அதில் நல்லன பல உள. உரிமமின்றி எவரும் துமுக்கி வைத்திருத்தல் ஆகாது. இருபத்தோரகவை நிரம்பாதார், மனநிலை திரிந்தோர், வன்குற்றத்திற்காகச் சிறைசென்று ஐந்தாண்டு கழியாதோர், அமைதி காப்பதாகப் பிணையம் எழுதித்தர ஆணையிடப்பட்டோர் ஆகியோர்க்கு உரிமம் இல்லை. காவல்துறை உசாவி அறிக்கை தந்த பின்னரே உரிமம் வழங்கல் வேண்டும். பொது அமைதிக்குக் கேடு விளையும் எனின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் இயலும். 2016 ஆம் ஆண்டு விதிகள், உரிமம் வேண்டுவோர் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் தரவேண்டும் என்றன. படைக்கலத்தைப் பூட்டிப் பாதுகாப்பதாக உறுதிமொழியும் கேட்டன. ஒவ்வோர் உரிமத்திற்கும் தனி அடையாள எண் இடப்பட்டது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துமுக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. (ஒன்றாகக் குறைப்பதென்றே முன்வரைவு வந்தது, வடபுலத்துப் பெருநிலக்காரர்களின் முணுமுணுப்பில் ஒன்று இரண்டாயிற்று.) திருமண ஊர்வலத்தில் வானைநோக்கிச் சுட்டுக் களிக்கும் வடவர் வழக்கமும் அத் திருத்தத்தில் குற்றமாயிற்று. இவை எல்லாவற்றையும் நாம் வரவேற்கின்றோம்.

ஆயின், இச் சட்டத்தின் வலிமை எங்கே இருக்கின்றது? தில்லியில் அச்சிட்ட தாளிலா? ஒரு கணக்கைக் காண்க. 2016 இறுதியில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 33 இலக்கத்து 69 ஆயிரம் துமுக்கி உரிமங்கள் இருந்தன என்று நடுவண் உள்துறை தெரிவித்தது. அவற்றுள் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 இலக்கத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22,532. மக்கள்தொகையில் உத்தரப்பிரதேசம் நம்மினும் மூன்று மடங்கும் இல்லை. உரிமத்திலோ ஐம்பது மடங்கிற்கும் மேல்! இரண்டிடத்தும் ஒரே சட்டம், ஒரே விதி, ஒரே படிவம். ஆகலின் துமுக்கியைக் கட்டுப்படுத்துவது சட்டத்தின் எழுத்தன்று. அதனை நடைமுறைப்படுத்தும் மாநிலத்தின் கை. அக் கைக்குப் பின்னாலுள்ள மக்களின் வாழ்வியல். துமுக்கியைத் தோளில் தொங்கவிட்டுத் திரிவதைப் பெருமையாகக் கருதாத குமுகாயம் நம்முடையது.

இத்தகைய நல்வினை ஆற்றும் மாநிலத்திற்கு அச் சட்டத்தில் ஓர் எழுத்தையேனும் மாற்றும் உரிமை உண்டா என்றால், இல்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 5 ஆம் இனம் 'படைக்கலங்கள், சுடுகலங்கள், வெடிகள்' அனைத்தையும் தில்லிக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் உரிமம் உசாவுபவர் தமிழ்நாட்டுக் காவலர். வழங்குபவர் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர். குற்றம் நிகழின் துப்புத்துலக்குபவரும் நம்மவர். ஆனால் எவர்க்கு வழங்கலாம், எத்துணை வழங்கலாம், எத்துணை ஆண்டிற்கு வழங்கலாம் என்று முடிவுசெய்வது மட்டும் தில்லி. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியதும் அந்த 2019 ஆம் ஆண்டுத் திருத்தமே. ஒருவர் கையில் துமுக்கி இருக்கலாமா என்று அரசு மறுபடியும் நோக்குவதற்குரிய இடைவெளி அதனால் ஈராண்டு கூடியது. இதனை எந்த மாநிலம் கேட்டது?

இடைவெளி என்றதும் வீட்டிற்குள் இருக்கும் ஓட்டையைச் சொல்லியாக வேண்டும். பூட்டிவைப்பேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்தவர் உண்மையிலேயே பூட்டிவைக்கின்றாரா என்று ஆண்டுதோறும் சென்று காணும் முறை சட்டத்தில் இல்லை. மருத்துவச் சான்று உரிமம் பெறும் நாளுக்குரியது. இடையில் ஒருவர் குடிக்கு அடிமையாகலாம், உளநோய்க்கு ஆளாகலாம், கடனில் மூழ்கலாம். கணவன் அடித்தான், கொன்றுவிடுவேன் என்றான் என்று மனைவி காவல்நிலையத்தில் முறையிடுகின்றாள் எனின், அந் நாளிலேயே அவன் துமுக்கியைத் தானாகக் காவல்நிலையம் கொண்டுவரச் செய்யும் விதி இல்லை. உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அலுவலர்க்கு உண்டு; கடமை இல்லை. ஒருவர் மனம்வைத்தாலன்றி இயங்காத காப்பு என்ன காப்பு? தேர்தல் அறிவித்தவுடன் உரிமத் துமுக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் விரைவு, ஓட்டுப்பெட்டிக்குக் காட்டும் அந்த அக்கறை, ஓர் ஏழைப் பெண்ணின் உயிர்க்கும் காட்டப்பட வேண்டாவா?

பிறப்பை நோக்கி விலக்களிக்கும் வெள்ளையன் வழக்கமும் இன்னும் செத்தொழியவில்லை. குடகரும் குடகின் சம்மா நிலவுடைமையாளரும் ஆங்கிலேயர் காலந்தொட்டுத் துமுக்கி உரிமத்தினின்று விலக்குப் பெற்றவர்கள். அவ்விலக்கை நடுவண் அரசு 2019 இல் மேலும் பத்தாண்டிற்கு, 2029 வரை, நீட்டியது. கருநாடக உயர்முறைமன்றம் 2021 இல் அதனைச் செல்லும் என்றது. குடகர் தம் படைக்கலத்தைத் தெய்வமாகப் போற்றி விழாவெடுப்பவர். அவர்மேல் நமக்கு யாதொரு பகையும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில், மருந்து கிட்டித்துச் சுடும் நாட்டுத் துமுக்கியைத் தோளிற்சுமந்து, காடையும் கவுதாரியும் சுட்டு வயிறு வளர்த்த நரிக்குறவர்க்கு அச் சட்டம் என்ன செய்தது? 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது, அது வேண்டியதே. வேட்டை போனபின் வேறு தொழில் காட்டுவார் இல்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கே 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. நிலவுடைமை உள்ளானுக்கு மரபு என்று விலக்கு; நிலமற்றானுக்கு அதே மரபு குற்றம். நரிக்குறவர்க்கும் விலக்குத் தருக என்று நாம் கேட்கவில்லை. குலத்தை நோக்கும் விலக்கு எவர்க்கும் வேண்டா, தேவையை நோக்கும் உரிமம் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கட்டும் என்றே கேட்கின்றோம்.

உரிமமில்லாக் கள்ளத் துமுக்கியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. அதன் ஊற்று எங்குள்ளதென்று தில்லி அறியும். பீகாரத்து முங்கேர், மீர் காசிம் காலத்திலிருந்தே துமுக்கிப் பட்டறைக்குப் பெயர்பெற்ற ஊர்; இன்று கள்ளத் துமுக்கிக்கும் அதுவே பெயர்பெற்றுள்ளது. தண்டனையை ஏழாண்டு என்றும் வாழ்நாள் என்றும் ஏற்றிக்கொண்டே போவதால் மட்டும் பட்டறைத் தீ அணையாது.

இனி, நம் நெஞ்சை அறுக்கும் பகுதிக்கு வருவோம்.

1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, நடுவண் அரசின் ஆணைப்படியும் அரசு ஊழியர் தம் கடமையின்போதும் வைத்திருக்கும் படைக்கலங்களுக்கு அச் சட்டம் பொருந்தாது என்கின்றது. படையும் காவலும் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் கேட்டு நிற்க வேண்டும் என்று எவரும் சொல்லார். அவ்வளவில் அப் பிரிவு சரியே. ஆனால் அச் சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் வேறெந்தச் சட்டம் வந்து நிற்கின்றது? கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொடுத்தது. 2024 சூலை முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள சட்டத்தின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் அதையே மீண்டும் சொல்கின்றன. எப்பொழுது சுடலாம், யாரைச் சுடலாம், எத்துணைக் குண்டு சுடலாம், எங்கே குறிவைக்கலாம் என்பன அவற்றுள் இல்லை. சுட்டவன்மேல் வழக்குத் தொடர வேண்டுமாயின் அரசின் இசைவு வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கின்றது! முன்னெச்சரிக்கை தருக, தாழக் குறிவைக்க, தேவைக்குமேல் ஒரு குண்டும் சுடற்க என்றெல்லாம் சொல்வன காவல் நிலையாணைகள். அவை துறையின் அகக் கட்டளைகள். சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல.

அகக் கட்டளை எவ்வளவு காக்கும் என்பதைத் தூத்துக்குடி காட்டிற்று. 22.5.2018 அன்று, தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாளில், மாவட்ட ஆட்சியரகம் நோக்கிச் சென்ற மக்கள்மேல் குண்டு பாய்ந்தது. பதின்மூவர் மாண்டனர். சுடுவதற்கு ஆணையிட்டவர்களாகத் துணை வட்டாட்சியர்களின் பெயர்கள் பதிவாயின. ஓய்வுபெற்ற நடுவர் அருணா செகதீசன் தலைமையிலான ஆணையம் நான்காண்டு உசாவி, 2022 மே திங்களில் அறிக்கை தந்தது; அக்தோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்குரிய நிலைமை அங்கு இல்லை. கலைந்து ஓடியவர்கள்மேலும் சுட்டனர். காவலர் பதினெழுவர்மேல் நடவடிக்கை வேண்டும் என்று அவ்வறிக்கை கூறிற்று. நிலையாணை அன்றும் இருந்தது. தாழக் குறிவைக்க என்னும் வரி அன்றும் அதில் இருந்தது. அதற்கு முன் 11.9.2011 இல் பரமக்குடி. அதற்கும் முன் 1965 மொழிப்போரில் பொள்ளாச்சி. ஒவ்வொரு முறையும் ஓர் ஆணையமோ ஓர் அறிக்கையோ அதனை அடுத்து ஓர் அமைதியோ வந்தது, சட்டம் வந்ததில்லை.

மோதல் சாவு என்று சொல்லப்படுவனவற்றில் ஓரளவு ஒளி உண்டு. 23.9.2014 அன்று உச்ச முறைமன்றம் பதினாறு நெறிகளை வகுத்தது: முதல் தகவலறிக்கை கட்டாயம், வேறு நிலையக் காவலரோ குற்றப்புலனாய்வுத் துறையோ துலக்க வேண்டும், சுட்ட துமுக்கியை ஆய்விற்கு ஒப்படைக்க வேண்டும். நல்ல நெறிகள். ஆனால் சட்டமன்றங்கள் உறங்கியதால் முறைமன்றம் எழுதியவை அவை. கூட்டத்தின்மேல் சுடுதலுக்கும் சுடுகளத்திற்கும் அவை வழிசொல்லவில்லை.

'எல்லாம் தில்லியின் கையில். நாங்கள் என் செய்வோம்' என்று சென்னைக் கோட்டையில் இருந்தோர் சொல்லிப் பழகியுள்ளனர். படைக்கலத்தைப் பொறுத்தவரை அது மெய். காவல்துறையைப் பொறுத்தவரை அது பொய். காவல் என்பது மாநிலப் பட்டியலின் 2 ஆம் இனம். பொது அமைதி 1 ஆம் இனம். தமிழ்நாட்டுக் காவலர் எப்பொழுது சுடலாம் என்று வரையறுத்துச் சட்டம் இயற்றத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு வாயில் திறந்தே இருக்கின்றது. சுட்ட காவலர்மேல் வழக்குத் தொடர வேண்டிய இசைவும் மாநில அரசின் எழுதுகோலிலேயே இருக்கின்றது. 1967 முதல் தமிழகத்தை ஆண்ட கழகங்கள் அவ் வாயிலுள் நுழைந்தனவா? 1859 ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டத்தைப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருப்பது தானே நாம் கண்டது! 2013 இல் ஒரு காவல் சீர்திருத்தச் சட்டம் வந்தது; அதில் காவலர்மேல் வரும் முறையீட்டைக் கேட்கும் மாநில அமைப்பிற்கு உள்துறைச் செயலரையே தலைவராக்கினர். ஆட்டுக் கிடைக்கு ஓநாயைக் காவல் வைத்த கதைதான். இலிட்டனைத் திட்டும் நாக்கு நமக்கு உண்டு. நம் வீட்டுக்குள் இருக்கும் இலிட்டனைத் திட்டவும் அந் நாக்கு எழவேண்டும்.

நடுவண் படைகளின் செய்தி வேறு. 1976 இல், நெருக்கடிநிலைக் காலத்தில், நாடே வாய்மூடிக் கிடந்தபொழுது 42 ஆம் திருத்தத்தால் ஒன்றியப் பட்டியலில் 2அ என்னும் இனத்தைச் செருகினர். அதன்படி மாநிலத்திற்குள் வந்து நிற்கும் நடுவண் படையின் அதிகாரமும் பொறுப்பும் தில்லியின் சட்டத்திற்கே உட்பட்டவை. மாநிலக் காவல் அதிகாரமும் அதற்குக் கீழ்ப்பட்டதாயிற்று. ஆனால் அங்கும் நாம் கையற்று நிற்க வேண்டுவதில்லை. நிலம் மாநிலப் பட்டியலின் 18 ஆம் இனம். குடியிருப்பிலிருந்து எத்துணைத் தொலைவில் சுடுகளம் இருக்கலாம், எத்துணை உயரத்திற்கு மண்சுவர் எழுப்ப வேண்டும், பயிற்சி நாளை எத்துணை நாள் முன்னர் ஊரார்க்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றை நிலப்பயன்பாட்டுக் கட்டுப்பாடாகத் தமிழ்நாடு வரையறுக்க முயலலாம். முயன்று, தில்லி தடுத்தால், தடுத்தது தில்லி என்று மக்களுக்குக் காட்டலாம். முயலாமல் இருந்துகொண்டு தில்லியைச் சுட்டுவதில் பயனில்லை.

ஆகலின் நாம் கேட்பன இரண்டு திசை நோக்கியவை. தில்லியிடம்: ஒன்றியப் பட்டியலின் 5 ஆம் இனத்திலிருந்து குடிமக்களின் சுடுகல உரிமத்தைப் பிரித்து மாநிலப் பட்டியலில் வைக்க வேண்டும், போர்ப்படைக்கலம் தில்லியிடமே இருக்கட்டும். 2அ இனம் நெருக்கடிநிலையோடு போயிருக்க வேண்டியது. அது நீங்க வேண்டும். இவற்றை மாநில உரிமை பற்றி 1969 இல் அமைந்த இராசமன்னார் குழுவின் வழித்தோன்றலாக 2025 இல் தமிழக அரசு அமைத்த குரியன் சோசப்பு குழுவின் முன் தமிழமைப்புகள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்காதவை இனியேனும் அரசின்முன் வைக்கட்டும்.

சென்னையிடம்: காவலர் சுடுகலப் பயன்பாட்டுச் சட்டம் ஒன்று வேண்டும். நிலையாணையில் உள்ள எச்சரிக்கை, தாழ்குறி, குறைந்த அளவு ஆகியவை அதில் சட்ட விதிகளாக ஏறவேண்டும். சுடும் ஆணையைத் துணை வட்டாட்சியர் போன்ற கீழ்நிலை அலுவலர் தலையில் கட்டும் வழக்கம் ஒழிந்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர்க்கு நேர்நிகரானவர் எழுத்தில் ஆணையிடவேண்டும். வெளியே கொண்டுசென்ற குண்டும் திரும்பிவந்த குண்டும் அன்றே எண்ணப்பட்டு, அக் கணக்கு மூன்று நாளுக்குள் நடுவர்மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். உசாவல் ஆணையத்தின் அறிக்கை வந்து ஆறு திங்களுக்குள், பரிந்துரைத்த ஒவ்வொருவர் மேலும் என்ன செய்யப்பட்டது என்று அரசு சட்டமன்றத்தில் பெயர்சொல்லி விடைதரவேண்டும். வழக்குத் தொடர இசைவு மறுப்பின், மறுத்த கரணியத்தை எழுதி வெளியிட வேண்டும்.

இதனை ஆளுங்கட்சி கொணர்ந்தாலும் சரி, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தனி முன்வரைவாகக் கொணர்ந்தாலும் சரி. வரைவு எழுதத் தமிழறிந்த சட்ட வல்லுநர் நம்மிடையே உள்ளனர். தம் தொகுதி உறுப்பினரிடம் இக் கேள்வியை எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் பெற்று, நம் அன்பர்கள் இவ்விதழுக்கு அனுப்புக. வரும் விடைகளையும், விடை தராதார் பெயர்களையும் அடுத்தடுத்த திங்களில் அச்சிடுவோம்.